கண்ணாடிக்குப் பக்கத்தில் கூழ்மத் துகள்: கணக்கில் 0.49, கையில் 0.34. மீதி எங்கே போனது?

மீன்கொத்தி

வணக்கம். ஒரு அளவீடு இடிக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

1 மைக்ரான் விட்டமுள்ள சிலிக்கா உருண்டைகள், தண்ணீரில், 1 மில்லிமோலார் உப்புடன். ஸ்லைடுக்கும் கவர்ஸ்லிப்புக்கும் நடுவே ஏறக்குறைய 100 மைக்ரான் இடைவெளி, ஓரங்களை அடைத்தாயிற்று. இன்வெர்டட் மைக்ரோஸ்கோப், 100 மடங்கு ஆயில் லென்ஸ், நொடிக்கு 50 ஃபிரேம். துகளின் மையத்தை டிராக் செய்து சராசரி இருமடி இடப்பெயர்ச்சியை (இனி எம்.எஸ்.டி.) நேரத்தோடு வரைந்தால் அழகான நேர்க்கோடு வருகிறது. சாய்வை 4-ஆல் வகுத்தால் விரவல் குணகம், அதாவது துகள் எவ்வளவு வேகமாக அலைந்து பரவுகிறது என்பதன் அளவு, நொடிக்கு 0.34 சதுர மைக்ரான். துகள் அளவு, திரவத்தின் பாகுநிலை, வெப்பநிலை மூன்றையும் வைத்து இதைக் கணிக்கும் ஸ்டோக்ஸ்–ஐன்ஸ்டைன் சூத்திரம் 25 டிகிரியில் 0.49 என்கிறது.

துகள் அளவு சரிதான். விற்றவர்கள் தந்த தாளில் சிதறல் 3 சதவீதத்துக்குள் என்று இருக்கிறது, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படமும் அதையே சொல்கிறது. இன்னொரு விஷயம்: ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கு 0.25, இன்னொன்றுக்கு 0.41 என்று வருகிறது. எல்லாம் ஒரே அளவு உருண்டைகள்தானே?

பித்தளைச் சொம்பு

ஏசியை யாராவது 16-இல் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் பெயின்ட் லேபில் பாகுநிலை தப்பாக வந்தால் முதலில் ரிமோட்டைத்தான் தேடுவோம்.

ராப்பகல்

சொம்பு சொன்னதை ஒதுக்கிவிட வேண்டாம், கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 25 டிகிரிக்குப் பக்கத்தில் தண்ணீரின் பாகுநிலை டிகிரிக்கு 2 சதவீதம் மாதிரி மாறும். 0.34 வர வேண்டுமானால் தண்ணீர் 12 டிகிரியில் இருந்திருக்க வேண்டும். அந்த அறையில் நீங்களே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். அளவு மீது பழி போட்டால் விட்டம் 1.44 மைக்ரான் ஆக வேண்டும். அதுவும் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி: எந்த உயரத்தில் ஃபோகஸ் வைத்தீர்கள்?

சிலிக்காவின் அடர்த்தியைத் தண்ணீரைப்போல் 2 மடங்கு என்று எடுத்தால், மிதப்பு போக உங்கள் உருண்டையின் எடை 5 ஃபெம்டோநியூட்டன். வெப்ப ஆற்றலான ஒரு கேடியை (kT: போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை) அந்த எடையால் வகுத்தால் 0.8 மைக்ரான் கிடைக்கும். வெப்பம் அந்த உருண்டையைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தக்கூடிய உயரம் அவ்வளவுதான். கீழிறங்கும் வேகம் நொடிக்கு 0.6 மைக்ரான். 100 மைக்ரான் அறையில் மூன்று நிமிடத்துக்குள் எல்லாத் துகளும் அடிக் கண்ணாடிக்கு வந்துவிடும். நீங்கள் டிராக் செய்வது நடுத் தண்ணீரில் மிதக்கும் துகளை அல்ல, கவர்ஸ்லிப்பின் மேல் ஒரு மைக்ரான் உயரத்துக்குள் உலாவும் துகளை. ஸ்டோக்ஸ்–ஐன்ஸ்டைனில் சுவர் என்று ஒன்று கிடையாது.

கடுகு

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்கள் எல்லோரும் இதை ஒருமுறை கையால் செய்திருக்கிறார்கள். ஆமணக்கெண்ணெய் நிரம்பிய நீளக் கண்ணாடிக் குழாயில் எஃகு குண்டைப் போட்டு, இரண்டு கோட்டுக்கு நடுவே ஸ்டாப்வாட்ச் அழுத்தி, பாகுநிலை கண்டுபிடிப்போமே. ரெக்கார்டு நோட்டில் கடைசியில் "சுவர்த் திருத்தம்" என்று ஒரு வரி வரும், யாரும் கேள்வி கேட்காமல் எழுதிவிட்டுப் போவோம். குழாயின் நடு அச்சில் விழும் குண்டுக்குத் திருத்தம் ஏறக்குறைய 2.1 × (குண்டின் ஆரம் ÷ குழாயின் ஆரம்). 3 மில்லிமீட்டர் குண்டு, 4 சென்டிமீட்டர் குழாய் என்றால் 16 சதவீதம் வேகம் குறையும். குண்டுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் எண்ணெய் இருக்கும்போதே இந்தக் கதி.

அதே இயக்கவியல்தான் இங்கேயும். குண்டு மைக்ரான் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, தள்ளுவது புவியீர்ப்புக்குப் பதில் தண்ணீர் மூலக்கூறுகளின் மோதல். வேறு வித்தியாசம் இல்லை.

மீன்கொத்தி

நன்றி சார், நன்றி ராப்பகல் அண்ணா. ஆனால் ஒன்று புரியவில்லை. துகள் கண்ணாடியைத் தொடவே இல்லை. அரை மைக்ரான், ஒரு மைக்ரான் தள்ளி நிற்கிறது. கண்ணாடி இருப்பது அதற்கு எப்படித் தெரிகிறது?

சுழியம்

தண்ணீர் சொல்லித்தான் தெரிகிறது.

துகள் ஒரு அடி நகர்ந்தால் சுற்றியுள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். இந்த நுண்ணளவில் நிலைமம் ஒன்றுமில்லை, பாகுநிலை ஒன்றே ஆட்சி. அந்த ஆட்சியில் ஒரு துகள் எழுப்பும் ஓட்டம் தொலைவின் தலைகீழாகத்தான் குறைகிறது: தொலைவு இரட்டித்தால் ஓட்டம் பாதி. ரொம்ப மெதுவான தேய்வு. அது கண்ணாடிக்குப் போய்ச் சேரும்போதும் கணிசமாக இருக்கும். கண்ணாடியை ஒட்டிய தண்ணீரோ நகரக்கூடாது. அந்த நிபந்தனையை நிறைவேற்ற, கண்ணாடிக்கு மறுபுறம் ஒரு எதிர்ப் பிம்பம் இருந்து எதிர்த்திசையில் ஓட்டம் அனுப்புவதுபோல் கணக்குப் போடலாம். அந்தத் திரும்பி வரும் ஓட்டம் துகளின் மேல் வந்து விழுகிறது. துகளுக்கு இழுவை கூடுகிறது, விரவல் குறைகிறது.

இதை முதலில் கணக்காக்கியவர் லோரன்ட்ஸ். ஆம், சார்பியலில் வரும் அதே டச்சுக்காரர். அவர் விடை, முதல் படியில்:

சுவருக்கு இணையாக: 1 − (9/16) × (ஆரம் ÷ உயரம்)
சுவருக்குச் செங்குத்தாக: 1 − (9/8) × (ஆரம் ÷ உயரம்)

இது சுவரில்லாத மதிப்போடு பெருக்க வேண்டிய எண். செங்குத்துத் திசையில் பாதிப்பு சரியாக இரண்டு மடங்கு. ஸ்வீடனின் ஃபாக்ஸேன் 1920-களின் தொடக்கத்தில் இணைத் திசைக்கு அடுத்த படிகளையும் சேர்த்தார்: + (1/8) × மூன்றாம் படி − (45/256) × நான்காம் படி − (1/16) × ஐந்தாம் படி. செங்குத்துத் திசைக்கு முழுமையான விடை 1961-இல் ப்ரென்னர் கொடுத்தார். அது முடிவிலாத் தொடர், கையால் போடும் வேலை இல்லை.

கவனம்: சூத்திரத்தில் வரும் "உயரம்" சுவரிலிருந்து துகளின் மையம் வரை. இடைவெளி அல்ல. இதில் ஒரு ஆரம் அளவுக்கு வழுக்கி விழுந்த ஆய்வேடுகள் உண்டு.

மீன்கொத்தி

சரி அக்கா, போட்டுப் பார்த்தேன். இடைவெளி 0.8 மைக்ரான், ஆரம் 0.5, ஆக மைய உயரம் 1.3. ஃபாக்ஸேன் 0.79 தருகிறது. 0.49 × 0.79 = 0.385. இன்னும் 0.34-க்கு வரவில்லையே.

ராப்பகல்

0.8 சராசரி இடைவெளிதான். துகள் அங்கேயே உட்கார்ந்திருக்கவில்லை. மேலே போகப் போகக் காணும் வாய்ப்பு அடுக்குக்குறியாகக் குறைகிறது. அதிக வாய்ப்பு அடியிலேதான். அடியில்தான் வேகமும் ரொம்பக் குறைவு. சராசரி உயரத்தின் விரவலை எடுக்காதீர்கள், எல்லா உயரத்து விரவலையும் அந்தந்த வாய்ப்போடு பெருக்கிச் சராசரி எடுங்கள். தோராயமாக நான் போட்டதில் 0.7-க்குச் சற்று மேலே வருகிறது. உங்கள் உப்பு அளவில் கண்ணாடியும் சிலிக்காவும் ஒன்றையொன்று தள்ளும் மின்விலக்கம் இருப்பதால் கடைசிச் சில பத்து நானோமீட்டருக்குள் துகள் போகாது, அதையும் சேர்த்துத்தான். ஆக 0.35 அல்லது 0.36.

மிச்சத்துக்கும் காரணம் உண்டு. 100 மடங்கு லென்ஸுக்கு ஃபோகஸ் ஆழம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. துகள் மேலே ஏறினால் மங்கி, மென்பொருள் அதைக் கைவிட்டுவிடும். மேலே வேகமாக ஓடிய நேரமெல்லாம் உங்கள் தரவில் சேரவே இல்லை. சராசரி கீழ்ப்பக்கம் சாய்கிறது.

துகளுக்குத் துகள் வித்தியாசம் வந்ததும் இதே கதைதான். ஒரு துகள் தன் உயரப் பரப்பு முழுவதையும் ஒரு சுற்று பார்த்து வர இரண்டு நொடி மாதிரி ஆகும். டிராக் ஒரு நொடிக்கே முடிந்துபோனால், அந்த நொடியில் தாழ்வாக இருந்த துகளுக்கு 0.25, உயரமாக இருந்ததற்கு 0.41. பத்து, இருபது நொடி நீளமான டிராக்குகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள், சிதறல் சுருங்கும்.

சுழியம்

ராப்பகல் சொன்னதோடு ஒன்று. எம்.எஸ்.டி. நேர்க்கோடாக இருப்பதைப் பார்த்து எல்லாம் சாதாரண விரவல் என்று நினைக்க வேண்டாம். உயரம் சமநிலையில் பரவியிருந்தால் இணைத் திசை எம்.எஸ்.டி. எந்த நேர இடைவெளியிலும் நேர்க்கோடுதான், சாய்வு சராசரி விரவலைத் தரும். ஆனால் இடப்பெயர்ச்சிகளின் பரவலை வரைந்தால் குறுகிய நேரத்தில் அது காஸியன் மணிவடிவமாக இருக்காது. வால் சற்றுத் தடித்திருக்கும். வெவ்வேறு வேகமுள்ள காஸியன்களின் கலவை அது. சுவரருகே கூழ்மத் துகளை வைத்து இதையே 2017-இல் பெக்ஹோஃபர் குழு அளந்து காட்டியிருக்கிறது. உங்கள் தரவிலும் பதுங்கியிருக்கும், மடக்கை அச்சில் போட்டுப் பாருங்கள்.

தூறல்

இடையில் நுழைகிறேன். ஃபாக்ஸேன் சூத்திரத்தில் உயரத்தை ஆரத்துக்குச் சமமாக வைத்தால் 0.32 வருகிறது. அப்படியானால் துகள் கண்ணாடியைத் தொட்டாலும் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்குமா?

சுழியம்

இருக்காது. ஃபாக்ஸேன் தொலைவிலிருந்து கிட்ட வரும் விரிவு. தொடும் இடத்தில் அதற்குச் செல்வாக்கு இல்லை. கிட்டத்தில் ஆட்சி செய்வது துகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நெரிபடும் மெல்லிய நீர்ப்படலம். அதைச் சரியாகக் கையாண்டது 1967-இல் கோல்ட்மன், காக்ஸ், ப்ரென்னர் மூவரும். அவர்கள் விடைப்படி தொடும்போது இணைத் திசை விரவலும் பூச்சியம் ஆகிறது. ஆனால் மடக்கையில், அதாவது சோம்பேறித்தனமாக.

1 மைக்ரான் உருண்டைக்கு எண்ணாகவே சொல்கிறேன். இடைவெளி 30 நானோமீட்டர் என்றால் இணைத் திசையில் 0.35 மிச்சம், ஃபாக்ஸேன் 0.39 என்று சற்றுத் தாராளம் காட்டுவார். 10 நானோமீட்டரில் 0.29. ஒரு நானோமீட்டருக்கு நெருக்கினாலும் 0.21! மூலக்கூறு அளவுக்கு நெருங்கியும் ஐந்தில் ஒரு பங்கு வேகம் மிச்சமிருக்கிறது, ஏனென்றால் துகள் உருண்டுகொண்டே போக முடிகிறது.

செங்குத்துத் திசையைப் பாருங்கள். 30 நானோமீட்டரில் 0.055. பத்தில் 0.02. ஒன்றில் 0.002, அதாவது ஐந்நூறில் ஒன்று. இங்கே விரவல் இடைவெளிக்கு நேர்விகிதத்தில் செத்துப்போகிறது. ஒரே துகள், ஒரே தண்ணீர், ஒரே இடம். பக்கவாட்டில் ஐந்தில் ஒன்று, மேலும் கீழும் ஐந்நூறில் ஒன்று.

செங்குத்துக்கு ப்ரென்னர் தொடரை மெனக்கெட்டுக் கூட்ட வேண்டாம். 2000-இல் பெவனும் ப்ரீவும் ஒரு எளிய பின்னம் கொடுத்தார்கள். இடைவெளியை ஆரத்தால் வகுத்து வருவதை "இ" என்று வைத்துக்கொண்டால்:

(6இ² + 2இ) ÷ (6இ² + 9இ + 2)

இ = 1 போட்டால் 8/17, அதாவது 0.47. இ = 10 போட்டால் 0.90. பத்து ஆரம் தள்ளிப் போன பிறகும் பத்து சதவீதம் குறைவு! "சுவரிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் அளந்தேன்" என்று யாராவது சொன்னால், எத்தனை ஆரம் என்று கேளுங்கள்.

பித்தளைச் சொம்பு

இதைக் கையிலேயே பார்க்கலாமே. இரண்டு ஸ்லைடை ஈரமாக ஒட்ட வைத்தால் ஒன்றின் மேல் ஒன்றைச் சறுக்கி எடுப்பது சுலபம், நேராகப் பிய்த்து எடுக்க முடியாது.

கடுகு

ஈர ஸ்லைடில் பரப்பு இழுவிசையும் சேர்ந்து பிடிக்கிறது, அது வேறு வழக்கு. இரண்டையும் முழுக்கத் தண்ணீருக்குள் வைத்துச் செய்யுங்கள், அப்போது நீர்ப்படலம் மட்டும் பேசும். பிரிக்கும்போது இடைவெளிக்குள் ஓரத்திலிருந்து தண்ணீர் ஓடி வந்தாக வேண்டும். சந்து எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு கஷ்டம். சறுக்கும்போது யாரும் எங்கிருந்தும் ஓடி வர வேண்டியதில்லை.

பித்தளைச் சொம்பு

சரி சார், ஏற்கிறேன். ஆனால் அப்படியானால் மணல் வடிகட்டி எப்படி வேலை செய்கிறது? கலங்கல் தண்ணீரில் உள்ள களிமண் துகள் மணல் பரப்பைத் தொட்டு ஒட்டினால்தானே தண்ணீர் தெளியும்? கிட்டப் போகப் போக வேகம் பூச்சியத்துக்கு இறங்கினால் அது போய்ச் சேரவே சேராதே.

சுழியம்

நல்ல கேள்வி. எடை மாதிரி மாறாத விசை ஒன்றே இருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். படலத்தை நெருக்கிக் கொண்டே போகும், முழுக்கத் தொட முடிவிலா நேரம் எடுக்கும். காப்பாற்றுவது வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு, மிக நெருங்கிய பொருள்களை மூலக்கூறுகள் இழுக்கும் விசை. அது உருண்டைக்கும் தட்டைக்கும் நடுவே இடைவெளியின் இருமடிக்குத் தலைகீழாக ஏறுகிறது. நகர்வுத்திறன் (ஒரு விசைக்குத் துகள் எவ்வளவு வேகமாக நகரும் என்பது) இடைவெளியின் முதல் படியில்தான் குறைகிறது. இரண்டுக்கும் போட்டி வைத்தால் ஈர்ப்பு ஜெயிக்கும். துகள் கடைசி நானோமீட்டர்களைத் தாவிக் கடந்து ஒட்டும்.

வடிகட்டிக் கணக்குப் போடுபவர்கள் வெகுகாலம் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள், ஸ்மோலுச்சோவ்ஸ்கி–லெவிச் தோராயம் என்று பெயர். சுவரருகே படலம் தடுப்பதும் ஈர்ப்பு இழுப்பதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், ஆக இரண்டையும் விட்டுவிடு என்பது அது. நேர்மையான தோராயம் என்று சொல்ல மாட்டேன். சிறிய துகளுக்கு வேலை செய்கிறது, பெரிய துகளுக்குக் கைவிடுகிறது. மின்விலக்கம் வலுவாக இருந்தால் ரெண்டும் இல்லை, துகள் ஒட்டவே ஒட்டாது. அந்த விலக்கத்தைத் தணிக்கத்தான் வடிகட்டுவதற்கு முன்னால் படிகாரம் போடுகிறார்கள்.

பித்தளைச் சொம்பு

அப்புறம் இன்னொன்று. சுவருக்குப் பக்கத்தில் எல்லாம் மெதுவாக நடந்தால், அங்கே வந்த துகள் கிளம்ப நேரமாகும். அப்போது சுவரோரம் கூட்டம் சேர வேண்டுமே. ராப்பகல் எடை மட்டும் வைத்துப் போட்ட பரவல் சரியா?

ராப்பகல்

சரிதான். கிளம்ப நேரமாகும், உண்மை. வந்து சேரவும் அதே அளவு நேரமாகும். வெளியேறுவது எவ்வளவு கடினமோ உள்ளே நுழைவதும் அவ்வளவு கடினம், கணக்கு தீர்ந்துவிடுகிறது. துகள் எங்கே இருக்க விரும்புகிறது என்பதை ஆற்றல் மட்டும்தான் தீர்மானிக்கும்: எடை, மின்விலக்கம், ஈர்ப்பு. பாகுநிலை அங்கே போக எவ்வளவு நேரம் என்று மட்டும் சொல்லும். தண்ணீருக்குப் பதில் பத்து மடங்கு பிசுபிசுப்பான, அதே அடர்த்தியுள்ள திரவத்தை ஊற்றினாலும் சமநிலைப் பரவல் ஒரு துளிகூட மாறாது.

பாக்டீரியா மாதிரி தானாக நீந்துவது என்றால் கதை வேறு. ஈ. கோலை உண்மையாகவே கண்ணாடியோரம் கூடுகிறது. அது சமநிலையில் இல்லை, உணவை எரித்து ஓடுகிறது. கூழ்மத் துகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தூறல்

ஆனால் எங்கள் லேபில் கைமாறிக் கைமாறி வந்த ஒரு பிரவுனியன் (மூலக்கூறு மோதலால் துகள் அலைவது) சிமுலேஷன் இருக்கிறது. அதில் எடை கிடையாது, விசையே கிடையாது, இரண்டு சுவர் மட்டும். செங்குத்து விரவல் உயரத்தோடு மாறும்படி பெவன்–ப்ரீவ் பின்னம் போட்டிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் துகள் இருக்கும் இடத்து விரவலை எடுத்து, அதன்படி சமவாய்ப்பு எண்ணால் நகர்த்துகிறது. ஓடவிட்டால் இரண்டு சுவரோரமும் கூட்டம் சேர்கிறது. ராப்பகல் சொல்வதுபடி தட்டையாக அல்லவா வர வேண்டும்?

சுழியம்

அதில் ஒரு உறுப்பு இல்லை. நீங்கள் விவரித்தபடி நகர்த்தினால் பரவல் விரவலின் தலைகீழாக வந்து நிற்கும், விரவல் குறைந்த இடத்தில் கூட்டம். இது இயற்பியல் இல்லை, படி எடுக்கும் முறையின் விளைவு. ஒவ்வொரு படியிலும் சமவாய்ப்புக் குதிப்போடு (விரவல் உயரத்தோடு மாறும் சாய்வு) × (நேரப்படி) என்று ஒரு நகர்வைச் சேர்க்க வேண்டும். எர்மக், மெக்காமன் இருவரும் 1978-இல் கொடுத்த வழிமுறையில் இது ஏற்கெனவே இருக்கிறது. கையால் எழுதிய குறியீடுகளில்தான் உதிர்ந்துபோகும்.

ஏதோ சின்னத் திருத்தம் என்று விட வேண்டாம். சுவரை ஒட்டி விரவலின் சாய்வு ஏறக்குறைய 0.49 ÷ 0.5, அதாவது நொடிக்கு 1 மைக்ரான். மீன்கொத்தியின் சிலிக்கா புவியீர்ப்பால் இறங்கும் வேகமே நொடிக்கு 0.6 மைக்ரான்தான். எடையைவிடப் பெரிய விஷயத்தை விட்டுவிட்டுச் சிமுலேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நகர்வைச் சோதனையில் கண்ணால் பார்க்கலாம். சுவரோரத் துகளைக் கூட்டமாக எடுத்து, அடுத்த சில மில்லிநொடியில் சராசரியாக எங்கே போகிறது என்று கேட்டால், விசையே இல்லாத இடத்திலும் விரவல் அதிகமுள்ள பக்கம் நகரும். ஆனாலும் நிகர ஓட்டம் பூச்சியம்! 2001-இல் லான்சோன் குழு இதை அளந்து வெளியிட்டது.

தூறல்

நகர்வு உண்டு, ஓட்டம் இல்லை. எப்படி ஒத்துப்போகும்?

சுழியம்

ஒரு உயரத்தில் நில்லுங்கள். மேலே இருக்கும் துகள்கள் பெரிய அடி வைக்கின்றன, கீழே இருப்பவை சின்ன அடி. அந்த உயரத்தில் இருக்கும் ஒரு துகள் மேலே போகப் போக அடி பெரிதாகிறது, கீழே போகப் போக அடி சுருங்குகிறது, ஆகச் சராசரியில் மேலேறுகிறது. அதே நேரம் மேலேயிருந்து பெரிய அடி வைத்து இந்த உயரத்தைத் தாண்டிக் கீழே வருபவை அதிகம். இரண்டும் சரிக்குச் சரி. தனித் துகளைப் பின்தொடர்ந்தால் நகர்வு தெரியும். ஒரு கோட்டைக் கடப்பவர்களை எண்ணினால் ஒன்றும் தெரியாது.

கடுகு

சிமுலேஷன் எழுதுபவர்கள் சுவரைத் துகள் தாண்டினால் என்ன செய்வது என்றும் யோசிக்க வேண்டும். திருப்பி அனுப்பும் சுவர், விழுங்கும் சுவர் இரண்டுக்கும் பிரவுனியன் இயக்கக் கணக்கை எப்படிப் போடுவது என்று 1943-இல் ஒருவர் நீண்ட கட்டுரை எழுதினார். நம் சந்திரசேகர்தான். வெள்ளைக் குறுமீன் என்ற சுருங்கிய விண்மீனுக்கு நிறை எல்லை சொன்ன அதே மனிதர், தண்ணீரில் துகள் அடியில் படிவதையும் அதில் போட்டிருக்கிறார். நீரியக்கத் தடுப்பு அதில் கிடையாது, விரவல் எங்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டார். இருந்தாலும் எல்லை நிபந்தனை கற்க இன்றைக்கும் அதைவிடத் தெளிவான இடம் நான் பார்த்ததில்லை.

ராப்பகல்

நகர்வை விட்டுவிடுவது சிமுலேஷன்காரர்களுக்கு மட்டும் வரும் ஆபத்து இல்லை. துகள்மேல் உள்ள விசையை அளக்க இரண்டு வழி. உயரப் பரவலை எடுத்து அதன் மடக்கையிலிருந்து ஆற்றலைப் பெறலாம். அல்லது சராசரி நகர்வு வேகத்தை அளந்து, இழுவையால் பெருக்கி விசை என்று சொல்லலாம். 2010-இல் ஷ்டுட்கார்ட்டில் பெஹிங்கர் குழு இரண்டையும் ஒரே துகளில் செய்து பார்த்தது. விரவல் சாய்வைக் கழிக்காமல் விட்டால் சுவரோரம் இரண்டு விடையும் ஒத்துப்போகவில்லை, விசையின் குறிகூட மாறிவிடுகிறது.

அவர்கள் உயரத்தை அளந்த விதம் சொல்ல வேண்டியது. கண்ணாடிக்குள் லேசர் ஒளியை முழு அக எதிரொளிப்புக் கோணத்தில் அனுப்பினால், ஒளி வெளியே வராது. ஆனால் கண்ணாடிக்கு மேலே நூறு, இருநூறு நானோமீட்டருக்கு மட்டும் கசியும், அடுக்குக்குறியாகத் தேய்ந்துகொண்டே. துகள் அதற்குள் இறங்கினால் மின்னும், ஏறினால் மங்கும். மினுக்கத்தின் மடக்கைதான் உயரம். சில நானோமீட்டர் துல்லியம் கிடைக்கும். 1980-களிலிருந்து ப்ரீவ் குழு கார்னகி மெலனில் வளர்த்த முறை. பார்க்கவும் அழகாக இருக்கும், கறுப்புத் திரையில் ஒரே புள்ளி துடித்துக்கொண்டிருக்கும்.

மீன்கொத்தி

நீளமான டிராக்குகளை மட்டும் எடுத்தேன். சிதறல் 0.31-இலிருந்து 0.37-க்குள் சுருங்கிவிட்டது. இடப்பெயர்ச்சிப் பரவலில் வால் தடித்திருப்பதும் தெரிகிறது. இரண்டு துகள் மட்டும் 0.02 என்று வருகின்றன. அவற்றை என்ன செய்வது?

ராப்பகல்

ஒட்டிக்கொண்டவை. தூக்கிப் போடுங்கள். மடக்கைக் கணக்குப்படி இணைத் திசையில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு இறங்க எந்த நியாயமான இடைவெளியும் போதாது. அவற்றின் எம்.எஸ்.டி. கொஞ்ச நேரத்தில் மேலேறாமல் தட்டையாகிறதா பாருங்கள். கண்ணாடியோடு ஒரு இழையால் கட்டுண்டு ஆடிக்கொண்டிருக்கும்.

ஒட்டுவது அதிகமானால் உப்பைக் குறையுங்கள். மின்விலக்கம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு அளவு டெபை நீளம்; 1 மில்லிமோலாரில் அது 10 நானோமீட்டர். 0.1-க்கு இறக்கினால் 30. உயிரியல்காரர்கள் தரும் உப்பு மிகுந்த பஃபர் கரைசலில் கலந்தால் 1 நானோமீட்டருக்கும் கீழே, எல்லாம் அரைமணி நேரத்தில் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். அங்கே ட்வீன் 20 என்ற சோப்பு வகை மாதிரி ஏதாவது பூசாமல் வேலை நடக்காது.

சுவரில்லாத 0.49-ஐயும் ஒருமுறை அளந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மதிப்பாய்வாளர் கேட்பார். அதற்குப் பாலிஸ்டைரீன் நல்லது. அதே 1 மைக்ரானுக்கு வெப்பம் தூக்கும் உயரம் 16 மைக்ரான், நடுத் தண்ணீரில் நிதானமாக மிதக்கும். கனநீர் பாதி கலந்து அடர்த்தியையே சமமாக்குபவர்களும் உண்டு. ஆனால் கனநீரின் பாகுநிலை சாதா நீரைவிட 20 சதவீதத்துக்கு மேல் அதிகம், அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் மறுபடியும் இதே கேள்வியோடு இங்கே வருவீர்கள். நடு உயரத்தில் அளந்தாலும் மேல் கண்ணாடி, கீழ்க் கண்ணாடி இரண்டும் சேர்ந்து தடுக்கும்; உங்கள் 100 மைக்ரான் அறையில் அது ஒரு சதவீதம்தான், விட்டுவிடலாம். 20 மைக்ரான் அறையில் 5 சதவீதம், விட முடியாது.

எக்ஸ்போஷர் எவ்வளவு?

மீன்கொத்தி

10 மில்லிநொடி.

ராப்பகல்

சரி, சாய்வைத் தொடாது. எக்ஸ்போஷர் மங்கலும் மையம் காண்பதில் வரும் பிழையும் எம்.எஸ்.டி. கோட்டை மேலேயோ கீழேயோ தூக்கி வைக்கும், அவ்வளவுதான். கோட்டைப் பூச்சியம் வழியாக வலுக்கட்டாயமாகப் போக வைக்காதீர்கள்.

தூறல்

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. கண்ணாடிக்குப் பதில் காற்று இருந்தால்? தொங்கும் நீர்த்துளியில் துகள் அடியில் உள்ள காற்றுப் பரப்பை நோக்கி இறங்கினால் அதே 9/16 தானா?

சுழியம்

குறியே மாறிவிடும். காற்றுப் பரப்பில் தண்ணீர் பக்கவாட்டில் தாராளமாக வழுக்கலாம், அதனால் பிம்பம் எதிர்த்திசையில் ஓடாமல் துகளோடு கூடவே ஓடுகிறது. இணைத் திசையில் 1 + (3/8) × (ஆரம் ÷ உயரம்). பரப்புக்குப் பக்கத்தில் துகள் நடுத் தண்ணீரைவிட வேகமாக விரவும்! செங்குத்தில் குறைவுதான், 1 − (3/4) × அதே விகிதம். பரப்பு வளையாது என்று வைத்துக்கொண்டால்.

தண்ணீர் ஒட்டாத பூச்சு கொடுத்த கண்ணாடி இரண்டுக்கும் நடுவே வரும். ஆனால் அங்கே வழுக்கும் நீளம் பெரும்பாலும் சில பத்து நானோமீட்டருக்கு மேல் போகாது. அரை மைக்ரான் தள்ளி நிற்கும் துகளுக்கு அது கண்ணாடிதான்.

கடுகு

காற்றுப் பரப்பில் அந்த 3/8-ஐ நம்பிச் சோதனை வைப்பவர்கள் பாத்திரத்தை நன்றாகக் கழுவுங்கள். விரல்பட்ட எண்ணெய், துகள் புட்டியில் கலந்து விற்கும் சோப்பு, எது பரப்பில் ஏறி உட்கார்ந்தாலும் பரப்பு விறைத்துக்கொள்ளும். துகள் தண்ணீரை இழுக்கும்போது சோப்பு ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் இழுவிசை கூடி, ஓட்டத்தை எதிர்க்கும். கொஞ்சம் போதும்; கூட்டல் குறி கழித்தல் குறியாகி, காற்றும் கண்ணாடி மாதிரி நடக்கத் தொடங்கிவிடும்.

தூறல்

எங்கள் புட்டியில் சோப்பு கலந்திருப்பதாக லேபிளிலேயே போட்டிருக்கிறது சார். மையவிலக்கியில் சுற்றி, மேல்நீரை மாற்றி மாற்றி எடுத்தால் போதுமா?

கடுகு

மூன்று, நான்கு முறை மாற்றுங்கள். சோப்பு முழுக்கப் போய்விட்டால் துகள்கள் தங்களுக்குள்ளேயே ஒட்டிக் கட்டியாகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.